படத்தைச் சுற்றி என்ன நிறம்? போட்டோஷாப் கருத்த கதையும் ஒரு கல்யாண ஆல்பமும்

மணப்பெண்ணின் அரக்குப் பட்டு, ஆல்பத்தில் கிட்டத்தட்டக் கறுப்பாக வந்திருந்தது. முந்தானையில் இருந்த அன்னப்பட்சி வரிசை எங்கே போயிற்று என்று பெண்ணின் அம்மா ஷீட்டின் மேல் விரலை ஓட்டித் தேடினார். மாப்பிள்ளையின் தலைமுடி எங்கே முடிகிறது, பின்னால் தொங்கிய மண்டபத் திரை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியவில்லை. 12க்கு 36 அளவு ஆல்பம். எல்லாப் படங்களுக்கும் வெளிச்சமும் நிறமும் சரிசெய்யும் கரெக்‌ஷன் செய்தவன் நான்.

ஆல்பத்தை அச்சடித்த லேபைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். “பைலே டார்க்காத்தான் அண்ணே இருக்கு, நாங்க எதையும் தொடல” என்றார் அங்கிருந்த ஆபரேட்டர். வீட்டுக்கு வந்து பைலைத் திறந்து, புடவையின் மடிப்புகளில் கர்சரை வைத்து இன்ஃபோ பேனலில் எண்களைப் படித்தேன். அவர் சொன்னது சரிதான். 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரை போகும் அளவில், மடிப்புகள் முழுவதும் 30க்குக் கீழேயே கிடந்தன. ஆனால் அதே பைல் திரையில் பளிச்சென்று, அன்னப்பட்சிகளோடு தெரிந்தது. எண்கள் இருட்டு என்கின்றன, கண் வெளிச்சம் என்கிறது. இந்த முரண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனதில், எடிட்டிங் மென்பொருளின் சட்டகத்துக்கு யார், எப்போது, ஏன் கருநிறம் பூசினார்கள் என்கிற கதையில் போய் நின்றேன். அந்த நிகழ்வைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் மானிட்டர்

நியாயமாகச் சொல்ல வேண்டும். பிரிண்ட் இருட்டாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது மானிட்டரின் வெளிச்சம். கடையில் வாங்கி வந்தபடியே வைத்திருக்கும் மானிட்டர்கள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா, 300 கேண்டெலா என்று எரிகின்றன. திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு அது. அச்சுக்காக வேலை செய்பவர்கள் 80 முதல் 120க்குள் வைக்கச் சொல்வார்கள்.

ஏன் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். வீட்டு ஹாலில் ஒரு பரப்பின் மேல் விழும் டியூப் லைட் வெளிச்சம் 150 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 85 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 150ஐ 0.85ஆல் பெருக்கி, பை என்கிற 3.14ஆல் வகுத்தால் ஏறக்குறைய 40 கேண்டெலா. ஆல்பத்தைப் புரட்டும் இடத்தில் தாளின் வெள்ளை அவ்வளவுதான். 250இல் எரியும் திரை அதைப் போல ஆறு மடங்குக்கும் மேல்.

என் மானிட்டரை 100க்கு இறக்கினேன். கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. இருந்தும் புடவை இன்னும் திரையில் நன்றாகவே தெரிந்தது, எண்களும் அப்படியே இருந்தன. மீதிக் காரணம் வேறெங்கோ இருந்தது.

2012

அடோபி நிறுவனத்தின் போட்டோஷாப்பில்தான் நான் வேலை செய்கிறேன். சிஎஸ்5 பதிப்பு வரைக்கும் அந்த மென்பொருளின் முகம் வெளிர்சாம்பல். 2012 மார்ச்சில் சிஎஸ்6இன் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, பொதுவில் வந்தது, மே மாதம் முழுப் பதிப்பு வந்தது. திறந்தவுடனே எல்லாம் கருத்திருந்தது. அதற்காக ஐகான்களைப் புதிதாக வரைந்திருந்தார்கள். நான்கு நிலைகள் கொடுத்தார்கள், அவற்றில் இரண்டாவது கருமையான நிலைதான் இயல்புநிலை, அதாவது நாம் மாற்றாதவரை தானாக இருப்பது. பேனல்களின் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 83. படத்தைச் சுற்றியிருக்கும் வெற்றிடம் அதைவிடவும் கருமை.

83 என்பது 255இல் மூன்றில் ஒரு பங்கு போலத் தோன்றும். ஆனால் இந்த எண்களுக்கும் ஒளி அளவுக்கும் நேர்விகிதம் கிடையாது. திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற முறைப்படி கணக்கிட்டால் 83 என்பது திரையின் முழு வெள்ளையில் ஏறக்குறைய 9 சதவீத ஒளி மட்டுமே. நான்கில் அடுத்ததாக வரும் வெளிர்நிலையின் மதிப்பு 184. அது 48 சதவீத ஒளி. ஒரு நிலை மாற்றினாலே படத்தின் அண்டைவீடு ஐந்து மடங்குக்கு மேல் வெளிச்சமாகிறது. விருப்பத் தேர்வுப் பட்டியலில் நான்கு சின்னச் சதுரங்களாக இருப்பதால் இது பெரிய விஷயமாகப் படுவதில்லை.

கருநிறம் அங்கே முளைத்ததில்லை. 1990களிலேயே திரைப்பட, விளம்பரப் பட ஸ்டூடியோக்களில் ஓடிய ஃபிளேம் போன்ற, பல காட்சிகளை ஒன்றாகச் சேர்க்கும் கலவை மென்பொருள்கள் அடர்சாம்பல் முகத்தோடுதான் இருந்தன. 2005இல் ஆப்பிளின் அபர்ச்சர் என்ற போட்டோ மென்பொருள் அடர்சாம்பலில் வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் பீட்டாவாக வெளிவந்த லைட்ரூமும் அப்படியே. பேனலும் பொத்தானும் பின்னால் போக வேண்டும், படம் முன்னால் நிற்க வேண்டும் என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். அதில் உண்மை இருக்கிறது. கருப்பின் நடுவே படம் விளக்கு ஏற்றியதுபோல் நிற்கும், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலவை ஸ்டூடியோ ஒரு இருட்டறை. அங்கே செய்த வேலை கடைசியில் போய்ச் சேர்வதும் இருட்டான தியேட்டர். செய்கிற இடத்தின் சூழலும் பார்க்கிற இடத்தின் சூழலும் பொருந்துகின்றன. கல்யாண ஆல்பத்தை யாரும் இருட்டில் உட்கார்ந்து புரட்டுவதில்லை.

கண் என்ன செய்கிறது

நகைக்கடையில் தங்கத்தை அரக்கு வெல்வெட்டிலோ கருப்பு வெல்வெட்டிலோ வைத்துக் காட்டுவார்கள். ஜவுளிக்கடையில் பட்டுப்புடவையை வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் விரிப்பார்கள். ஒன்றில் பொருள் ஜொலிக்க வேண்டும், மற்றதில் நிறம் உள்ளபடி தெரிய வேண்டும். இரண்டு கடைக்காரர்களுக்கும் தங்கள் வேலை தெரியும். சுற்றியிருப்பதை வைத்துத்தான் கண் எதையும் எடைபோடுகிறது.

இதை முறையாக ஆராய்ந்தவர் மிஷெல் யூஜின் ஷெவ்ரல் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர். பாரீஸின் கோப்லான் நெசவுக் கூடத்தில் 1824இல் சாயப் பிரிவின் தலைவரானார். கறுப்பு நூல் எடுப்பாக இல்லை, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், அதில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதால்தான் கறுப்பு சோர்ந்து தெரிகிறது என்று கண்டார். 1839இல் அதை ஒரு பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார். லேபைச் சந்தேகித்த என் நிலையும் அதுதான் என்பதால் அந்தக் கூடத்துக்காரர்கள் மேல் எனக்கு ஒரு பாசம்.

கருப்புச் சூழலில் ஒரு படம் உண்மையில் இருப்பதைவிட வெளிச்சமாகத் தெரியும். இது பாதிக் கதை. மீதிப் பாதியை 1967இல் கோடாக் ஆய்வுக்கூடத்தின் பார்ட்டில்சன், பிரெனிமன் இருவரும் அளந்து சொன்னார்கள். இருண்ட சூழலில் படத்தின் இருண்ட பகுதிகள் வெளுத்துத் தெரியும், அதனால் மொத்தக் கான்ட்ராஸ்ட்டும், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசமும், குறைந்ததாகத் தோன்றும். திரைப்படத் துறை இதை அனுபவத்தில் முன்பே அறிந்திருந்தது. தியேட்டருக்கான படத்தில் கான்ட்ராஸ்ட் இயற்கைக் காட்சியில் உள்ளதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடுதலாக இருக்கும். மங்கலான அறையில் பார்க்கும் தொலைக்காட்சிக்கு அது 1.2 மடங்கு போதும். வெளிச்சமான அறையில் பார்க்கும் தாளுக்குக் கூடுதலே வேண்டாம்.

இப்போது என் மேசைக்கு வாருங்கள். கருத்த முகப்பின் நடுவே படம் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாகக் கண் சொல்கிறது, ஆகவே நான் வெளிச்சம் கூட்டவில்லை. கூடவே படம் கொஞ்சம் சப்பென்று இருப்பதாகவும் சொல்கிறது, ஆகவே வெளிச்சத்தைக் கோடாக வளைத்து மாற்றும் கர்வ்ஸ் என்ற கருவியை எடுத்து எஸ் வடிவத்தில் வளைத்து கான்ட்ராஸ்ட் ஏற்றினேன். முதல் தவறு நிழல்களை இருட்டிலேயே விட்டது, இரண்டாவது தவறு அவற்றை இன்னும் கீழே அழுத்தியது. இரண்டும் ஒரே திசையில் தள்ளியதால்தான் அரக்கு கறுப்பாயிற்று. ஒன்று கூட்டி மற்றது குறைத்திருந்தால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

ஒரே ஆண்டு, ஒரே வீடு, இரண்டு விடைகள்

இந்தத் தேடலில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இது. போட்டோஷாப் கருத்த அதே 2012 மார்ச்சில்தான் அதே அடோபியின் லைட்ரூம் 4 வெளிவந்தது. அதில் சாஃப்ட் ப்ரூஃபிங் என்ற வசதி முதல்முறையாக வந்தது. பிரிண்ட் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே ஒத்திகை பார்க்கும் வசதி அது. டெவலப் பகுதியில் எஸ் விசையைத் தட்டினால் படத்தைச் சுற்றியுள்ள அடர்சாம்பல் மறைந்து வெள்ளையாகிறது, தாள் அங்கே இருப்பதுபோல. ஒரு அறையில் கருப்பைக் கொண்டுவந்தவர்கள் பக்கத்து அறையில், பிரிண்டைப் பற்றிய பேச்சு வந்ததும் வெள்ளையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இயல்புநிலையாக எதை வைப்பது என்பதில்தான் எனக்கு மனவருத்தம். மென்பொருளை நிறுவுகிறவர்களில் பெரும்பாலானோர் முகப்பின் நிறத்தை (தீம்) மாற்றவே போவதில்லை. எங்கள் ஊரில் ஆல்பம் டிசைன் செய்யும் பையன்கள் யாராவது வைத்துக்கொடுத்த அமைப்பில் வருஷக்கணக்கில் வேலை செய்கிறார்கள். அவர்கள் கையில் கிடைக்கும் முதல் நிறமே அவர்களுடைய பிரிண்டின் நிறத்தையும் தீர்மானிக்கிறது. நிறுவும்போது ஒரே ஒரு கேள்வி, “உங்கள் படங்கள் தாளுக்கா, திரைக்கா?” என்று கேட்டிருந்தால் எத்தனையோ ஷீட்டுகள் மிச்சமாகியிருக்கும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

கிம்ப் எடுத்த பாதை

இலவச மென்பொருளான கிம்ப் 2018 ஏப்ரலில் 2.10 பதிப்போடு கருநிறத்துக்கு மாறியது. அதோடு வண்ண ஐகான்கள் போய், ஒற்றைச் சாம்பலில் வரைந்த குறியீட்டு ஐகான்கள் இயல்பாக வந்தன. பழகியவர்களுக்கு இது பெரிய அடி. நிறத்தை வைத்தே கருவியைக் கண்டுபிடித்த கை இப்போது ஒவ்வொரு ஐகானாகத் தேட வேண்டியிருந்தது. பழைய வண்ண ஐகான்களுக்குத் திரும்பும் வழியும், சாம்பல், வெளிர் தீம்களும் அமைப்புகளில் இருந்தன.

ஐகானின் நிறத்தை எடுத்ததற்கு நல்ல காரணம் உண்டு என்பது என் கட்சி. படத்துக்குப் பக்கத்தில் நீலமோ ஆரஞ்சோ நிரந்தரமாக உட்கார்ந்திருந்தால் கண் அதற்குப் பழகி, தோல்நிறத்தை எதிர்ப்பக்கம் தள்ளிப் பார்க்கும். விண்டோஸ் எக்ஸ்பியின் பளிச் நீலப் பட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து முகங்களைத் திருத்திய காலம் எனக்கு நினைவிருக்கிறது. அதிலேயே சில்வர் என்றொரு தேர்வு இருந்ததைப் பல வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். மேக் பக்கம் அக்வா என்ற நீலப் பளபளப்பு வந்தபோது, வண்ண வேலை செய்பவர்களுக்காக கிராஃபைட் என்ற சாம்பல் தேர்வையும் ஆப்பிள் சேர்த்தது. இன்றும் மேக்கின் டார்க் மோடில் சன்னல்களுக்கு வால்பேப்பரின் சாயல் ஏறும், கிராஃபைட்டைத் தேர்ந்தால் அந்தச் சாயல் போய்விடும். லினக்ஸில் கேடிஈ என்ற முகப்பின் பிரீஸ் டார்க் தீம் பார்வைக்குச் சாம்பல் போலிருக்கும், ஆனால் பல காலம் அதன் எண்கள் 49, 54, 59 என்று இருந்தன. அது நீலம் கலந்த சாம்பல். கருப்பா வெளுப்பா என்ற கேள்விக்கு முன்னால் மூன்று எண்களும் ஒன்றா என்று பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0இல் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். கரு, வெளிர் இரண்டோடு நடுச்சாம்பல் என்று மூன்றாவது வகையும் உண்டு. அதன் ஒளி அளவு 18.42 சதவீதம். மனிதக் கண்ணுக்குக் கருப்புக்கும் வெள்ளைக்கும் சரியாக நடுவில் தெரியும் சாம்பல் அது, எஸ்ஆர்ஜிபி எண்ணில் 119. பழைய போட்டோகிராஃபர்கள் பையில் வைத்திருந்த 18 சதவீத கிரே கார்டு ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட அதே சாம்பல் இப்போது சன்னலின் நிறமாகியிருக்கிறது.

நான் செய்து பார்த்தது

இது ஒருவன் தன் மேசையில் செய்தது. ஆய்வகச் சோதனை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கல்யாணத்தின் ரா பைல்களிலிருந்து, அதாவது கேமரா பதிந்தபடியே இருக்கும் திருத்தாத பைல்களிலிருந்து, பத்துப் படங்களை எடுத்தேன். தாலி கட்டும் நேரம், மண்டப வாசல் வெயில், மணமேடைக்குப் பின்னால் இருட்டில் நின்ற நாதஸ்வரக்காரர் என்று பலவகை. மானிட்டர் 100 கேண்டெலா, சன்னல் திரை போட்ட அறை, அதே டியூப் லைட். ஒரு நாள் காலையில் இயல்பான கருத்த சூழலில் பத்தையும் திருத்தினேன். நான்கு நாள் கழித்து, பழையதைப் பார்க்காமல், வெள்ளை ஓரமும் நடுச்சாம்பல் பின்னணியும் வைத்து மறுபடி திருத்தினேன். இரண்டு முறையும் வெளிச்ச அளவுகளை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமையும் இன்ஃபோ பேனலையும் மூடி வைத்திருந்தேன்.

திறந்து ஒப்பிட்டபோது பத்தில் ஒன்றுகூட விலகவில்லை. வெள்ளை ஓரத்தோடு செய்த ஒவ்வொன்றிலும் கர்வ்ஸின் நடுப்பகுதியை மேலே ஏற்றியிருந்தேன், எஸ் வளைவு மென்மையாக இருந்தது, நிறச்செறிவையும் குறைவாகவே கூட்டியிருந்தேன். வெயில் படங்களில் வித்தியாசம் சிறியது. இருண்ட படங்களில் பெரியது, நாதஸ்வரக்காரர் படத்தில் மிகப் பெரியது. கருத்த சூழலில் நான் “மூட் நல்லா இருக்கு” என்று விட்டிருந்த அந்தப் படம், வெள்ளை ஓரம் வந்ததும் ஒரு இருட்டுப் பள்ளமாகத் தெரிந்தது. திருத்தியதும் அவர் கன்னத்து வியர்வை தெரிந்தது.

நீங்களே பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. 119 மதிப்புள்ள ஒரு சாம்பல் சதுரத்தைப் போட்டோஷாப்பில் திறந்து, எஃப் விசையை அழுத்தி முழுத்திரைக்குப் போங்கள். படத்துக்கு வெளியே ரைட் கிளிக் செய்து கருப்பைத் தேர்ந்து அரை நிமிடம் பாருங்கள். பிறகு தனிப்பயன் நிறமாக வெள்ளையைக் கொடுங்கள். சதுரம் கண்முன்னே கருக்கும். எண் மாறியிருக்காது.

இப்போது என் அமைப்பு

முழு வெள்ளைப் பின்னணியை நான் நாள் முழுவதும் வைப்பதில்லை. திரை நிறைய வெள்ளை எரிந்தால் கண் கூசுகிறது, அந்தக் கூச்சத்தில் படம் தேவைக்கு மேல் இருண்டு தெரிகிறது, பிறகு எதிர்ப்பக்கத் தவறு செய்வோம். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. அதன் முகப்பும் கருமைதான். ஆனால் பல்பு ஐகானை அழுத்தினால், அல்லது கன்ட்ரோல் பி தட்டினால், படத்தைச் சுற்றி வெள்ளைச் சட்டமும் அதற்கு வெளியே நடுச்சாம்பலும் வரும். திரையில் நிறத்தை மதிப்பிடுவதற்கான ஐ.எஸ்.ஓ. 12646 என்ற தரத்தை ஒட்டி அமைத்தது அது. வெள்ளைச் சட்டம் கண்ணுக்கு “இதுதான் வெள்ளை” என்று அளவுகோல் கொடுக்கிறது, சாம்பல் கூச்சத்தைத் தடுக்கிறது.

போட்டோஷாப்பில் அந்தச் சட்டம் தானாக வராது. ஷிப்ட் எஃப்2 தட்டி முகப்பை ஒரு நிலை வெளிர்ப்பாக்கிக்கொள்கிறேன், திரும்பக் கருக்க ஷிப்ட் எஃப்1. படத்துக்கு வெளியே நடுச்சாம்பல். கேன்வாஸ் அளவை நான்கு பக்கமும் கொஞ்சம் கூட்டி, அந்த இடத்தில் வெள்ளை நிரப்பிய ஒரு தனி லேயர். கரெக்‌ஷன் முடிந்ததும் அதை அணைத்து, பழைய அளவுக்கு வெட்டிவிடுவேன். ஆக்‌ஷனாகப் பதிந்து வைத்திருப்பதால் ஒரு விசையில் வேலை முடிகிறது. கிம்ப்பில் வியூ மெனுவில் பேடிங் கலர் என்று இருக்கிறது, படத்தைச் சுற்றிய நிறத்தைத் தீமிலிருந்து பிரித்து அங்கே வைத்துக்கொள்ளலாம்.

மெல்லிய கோடுகளைச் செதுக்கி எடுக்கும் வேலை, மாஸ்க் வரைவது, தூசி துடைப்பது இவற்றுக்கெல்லாம் கருத்த முகப்பையே வைத்துக்கொள்கிறேன். அங்கே வெளிச்சத்தை எடைபோடும் வேலை இல்லை, இரவு வேலையில் கண்ணுக்கும் இதம். எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டதால் கருப்பின் மேல் இருக்கும் சின்ன வெள்ளை எழுத்துகள் கொஞ்சம் பரவித் தெரிகின்றன. அதற்கு எழுத்தின் அளவைத்தான் கூட்ட வேண்டியிருந்தது.

தீர்க்காத ஒன்று மிச்சமிருக்கிறது. ஆல்பம் வருவதற்கு முன்பே படங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போய்விடுகின்றன. அங்கே சுற்றிலும் கருப்பு. தாளுக்காக வெள்ளை ஓரத்தில் திருத்திய படம் அங்கே கொஞ்சம் வெளுத்து, சப்பென்று தெரிகிறது. இப்போதைக்கு முக்கியமான இருபது, முப்பது படங்களை மட்டும் இரண்டாகத் தருகிறேன். ஆல்பத்துக்கு ஒன்று, கருத்த முகப்பில் லேசாகக் கான்ட்ராஸ்ட் ஏற்றிய பிரதி ஒன்று போனுக்கு.

அந்த ஆல்பத்தில் கெட்டுப்போன பதினோரு ஷீட்டுகளை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். பெண்ணின் அம்மா அதைக் கூடத்து டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோய் விரித்து, முந்தானையில் இருந்த அன்னப்பட்சிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.